மலைக்குறியும் கவட்டைக்குறியும்

பொறியக்கா தன் நாத்தனாருக்கு எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். பத்திரம் எழுதவில்லை, வட்டி பேசவில்லை. நாத்தனார் தன் கடைசிப் பெண்ணின் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. அடுத்த வருடம் கல்லூரி திறப்பதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. வட்டிக்குப் பதிலாக நாத்தனாரின் வாய் இருந்தது. கூர்மைக்கு அந்த வாயைச் சாணை பிடிக்கவே தேவையில்லை என்று பொறியக்காவே சொல்லுவார்.

பொறியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சாணைக்கல்லில் கத்தியை வைத்ததும் சிதறிப் பறக்கிற பொறியைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் வைத்தது. அவருக்கும் அது பிடித்துப்போனது. "படிச்சிருந்தா பொறியாளர். படிக்காததால பொறியக்கா. நடுவுல ஒரு சர்டிபிகேட்தான் வித்தியாசம்" என்பார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார். எண்ணாக இருந்தால் தலைகீழாக வைத்தாலும் படித்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் கணவருக்குப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. சம்பளம் மாதத்தில் பாதியைக்கூடத் தாண்டாது. பொறியக்கா ஒரு பழைய சைக்கிளை வாங்கி, பின்னால் ஸ்டாண்டு போட்டு, ஹேண்டில்பாருக்கு முன்னால் கல்லைப் பொருத்தி, மிதித்தால் கல் சுற்றும்படி தானே சங்கிலி மாட்டினார். பொம்பளை சைக்கிளில் உட்கார்ந்து சாணை பிடிப்பதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அடுத்த முறை கத்தியோடு வந்தார்கள். முடிவெட்டுகிறவரின் கத்தரி, தையல்காரரின் கத்தரி, இறைச்சிக்கடைக் கத்தி, தோட்டக்காரரின் அரிவாள் என்று அவர் கை படாத இரும்பு அந்தப் பக்கத்தில் கிடையாது. இரண்டு பெண்களைக் கரையேற்றியது அந்தக் கல்தான். இதை அவரே சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேச யாருக்கும் வாய் வந்ததில்லை, ஏனென்றால் உண்மை.

எல்லாரும் கூர்மை என்பார்கள். பொறியக்கா பதம் என்பார். கல் வேகமாகச் சுற்றி இரும்பு சூடேறினால் விளிம்பு நீலம் பாரிக்கும். நீலம் பாரித்தால் பதம் போய்விட்டது. அன்றைக்கு நன்றாக வெட்டும், மறுநாள் மழுங்கிவிடும். மிதிக்கிற காலுக்கு அந்தக் கணக்குத் தெரியும். கத்தரிக்கு மெதுவாக, கோடாலிக்கு வேகமாக. "என் காலுதான் என் ரெகுலேட்டர்" என்று முழங்காலைத் தட்டிக் காட்டுவார்.

அந்த முழங்கால்தான் கடைசியில் மக்கர் செய்தது. மாடிப்படி ஏறவே முனகியது. நாளெல்லாம் மிதிப்பது எங்கே? அந்த நேரம் பார்த்து, மரச்சாமான் செய்கிற தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டு, அதன் மெஷின்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் ஒன்று, மரம் இழைக்கும் மெஷினின் நீளப் பிளேடுகளைத் தீட்டுகிற மெஷின். முழங்கை நீளப் பிளேடை இறுக்கிப் பூட்டினால், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, கல் அதன்மேல் போய்ப் போய் வரும். சுற்றுவட்டாரத் தச்சுப் பட்டறைகள் எல்லாம் அந்தப் பிளேடுகளை லாரியில் வெளியூருக்கு அனுப்பித் தீட்டி வாங்குகின்றன என்பது பொறியக்காவுக்குத் தெரியும். அதற்காகத்தான் நாத்தனார் வீட்டுப் படியேறினார்.

மெஷினை நான்கு பேர் இறக்கி முன்னறையில் வைத்தார்கள். அதன் பிளக்கைக் கையில் எடுத்த பொறியக்கா அப்படியே நின்றார். பருத்த கம்பிகள் ஐந்து நீட்டிக்கொண்டிருந்தன. சுவரில் இருந்த ஓட்டைகள் மூன்று.

தெருவில் வயரிங் வேலை பார்ப்பவரை எல்லாரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்; சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வந்து பிளக்கைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இது மூணு ஃபேஸ் மோட்டாரு. உங்க வீட்டுக்கு வர்றது ஒத்த ஃபேஸ்."

"மிச்ச ரெண்டையும் யார் வெச்சிருக்கா?"

"கம்பத்துலதான் இருக்கு. இறக்கணும்னா மனு போடணும், பணம் கட்டணும், வீட்டு ஓனர் கையெழுத்து போடணும்."

"ஒரு ஆணி அடிச்சாலே ஒரு வாரம் பேசற மனுஷன் அவரு. வேற வழி சொல்லு தம்பி."

"டிரைவுன்னு ஒரு பொட்டி வருதுக்கா. ஒத்த ஃபேஸை உள்ள குடுத்தா, மூணு ஃபேஸ் வெளிய வரும். திருகினா வேகமும் மாறும்."

வேகம் மாறும் என்ற வார்த்தையில் பொறியக்கா விழுந்துவிட்டார். அதற்கப்புறம் டெஸ்டர் சொன்ன விலை காதில் ஏறவேயில்லை.

மறுநாளே கடன் பணத்தில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு மோட்டார் சாமான் விற்கும் கடையில் போய் நின்றார். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"மோட்டார் எத்தனை குதிரை சக்திம்மா?"

"ரெண்டு."

"அப்ப இது போதும்."

"இருங்க. ஒண்ணு போட்டா மூணு எப்படி வரும்? அப்படி ஒரு பொட்டி இருந்தா, என் நாத்தனார் பணத்தை முதல்ல அதுக்குள்ள போட்டிருப்பேனே!"

கடைக்காரர் சிரித்தார். கூட்டம் இல்லாத நேரம். சொல்லிக் கொடுக்கும் மனதும் இருந்தது. "ஒரே குழாய்த் தண்ணியை ஒரு தொட்டியில பிடிக்கறீங்க. தொட்டியில மூணு பைப் இருக்கு. ஒண்ணு மாத்தி ஒண்ணா மூணையும் தொறந்து தொறந்து மூடறீங்க. எவ்வளவு சீக்கிரமா மாத்தி மாத்தி தொறக்கறீங்களோ, அவ்வளவு வேகமா மோட்டார் சுத்தும். அவ்வளவுதான்."

"வெளிய மூணா போறதால, உள்ள ஒரே குழாயில நிறைய இழுக்குமா?"

"ஆமா. அதனால மெயின் போர்டுலேர்ந்து தனியா தடி வயர் இழுங்க. ஃபேன் மாட்டற வயர்ல மாட்டிடாதீங்க."

"தொட்டி மட்டத்துக்கு மேல தண்ணி ஏறுமா?"

"ஏறாது. உள்ள இருநூத்து முப்பது வோல்ட் வந்தா, வெளியவும் அதுக்குள்ளதான். உங்க மோட்டாருக்கு அது ஒத்து வரணும். தகட்டுல என்ன எழுதியிருக்கு?"

"இருநூத்து முப்பதுன்னு எழுதியிருக்கு. நானே என் கண்ணால பார்த்தேன்."

"சரி, உள்ள கனெக்‌ஷன் எப்படி இருக்குன்னு மட்டும்..."

"அதுக்கெல்லாம் எங்ககிட்ட ஆள் இருக்கு" என்று பொறியக்கா பேச்சை அங்கேயே வெட்டிவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தார். தெரியாதவர் மாதிரி ஒரு கடையில் நிற்பது அவருக்கு ஆகாது.

டெஸ்டர் தடி வயர் இழுத்தார். சுவரில் பெட்டியைப் பொருத்தினார். மோட்டாரின் முதுகில் இருந்த சின்ன மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு வரிசையாக ஆறு திருகாணிகள். அதில் ஒரு வரிசையை மட்டும் பித்தளைப் பட்டைகள் குறுக்கே சேர்த்துக் கட்டியிருந்தன. "இப்படிக் குறுக்கே கட்டினா ஸ்டார்னு பேரு. வீட்டுக் கரண்டுக்கு இதான் நல்லது" என்று டிரைவின் மூன்று வயர்களை மறு வரிசையில் முடுக்கி, மூடிவிட்டார்.

முதல் ஓட்டம் பார்க்க நாத்தனாரும் வந்திருந்தார். பொறியக்கா பொத்தானை அழுத்தினார். பெட்டி மெல்லிய விசில் போல ஒரு சத்தம் எழுப்பியது. கல் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது போல் அசைந்து, அப்புறம் சுற்றியது. திருகைத் திருப்பினால் வேகம். மறுபக்கம் திருப்பினால் நிதானம். பொறியக்கா குழந்தை மாதிரி நாலைந்து முறை திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியாம்மா உங்க அண்ணியை! முழங்கால் வலிக்காத காலு ஒண்ணு வாங்கிட்டேன்!"

"பாத்தேன் அண்ணி. பிளேடை வையுங்க, அதையும் பாக்கறேன்."

பிளேடு கல்லைத் தொட்டது. ஒரு பொறி, இரண்டு பொறி. கல் சளைத்தது, தள்ளாடியது, நின்றே போனது. பெட்டியின் சின்னத் திரையில் சிவப்பு எழுத்துகள் மினுங்கின. மறுபடி ஓட்டினார்கள்; மறுபடியும் அதே கதை. வேகத்தைக் குறைத்து வைத்தும் பார்த்தாயிற்று. வெறுமனே ஓடச் சொன்னால் ராஜா மாதிரி ஓடுகிற கல், வேலை கொடுத்தவுடன் படுத்துக்கொண்டது.

"எங்க அண்ணன் மாதிரியே இருக்கு" என்றார் நாத்தனார்.

மூலையில் நாற்காலியில் இருந்த கண்டக்டர், "என்னை எதுக்கும்மா இழுக்கற? நான் டிக்கெட் கொடுத்து ரிட்டயர் ஆனவன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். "அண்ணி, எண்பதாயிரத்துக்கு ஒரு பெரிய காத்தாடி வாங்கியிருக்கீங்க. நான் கோபமா சொல்லலை. ஆனா பொண்ணு படிப்பு நிக்கக் கூடாது. பழைய இரும்பு எடுக்கறவர் வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வர்றார். மெஷினுக்கு முப்பதாயிரம் தருவாராம், கேட்டு வெச்சிருக்கேன். அந்த முப்பதாயிரமாவது கைக்கு வரட்டும். மிச்சத்தை மெதுவா குடுங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் பொறியக்காவுக்கு எரிந்தது. முப்பது போனால் மிச்சம் ஐம்பது. அதைச் சைக்கிள் மிதித்து அடைக்க இந்த முழங்கால் போதாது.

வேறு ஆளாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். பொறியக்கா மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் நிற்கிறது? வேகம் இருக்கிறது, பலம் இல்லை. மெதுவாக ஓடினாலும் பலம் இல்லை. அப்படியானால் கோளாறு கல்லில் இல்லை, பேரிங்கில் இல்லை. கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. மோட்டாருக்கு வயிறு நிறையவில்லை. என்ன கேட்கிறது இது?

தகட்டின் மேல் இருந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். வாங்கும்போது அவர் பார்த்தது இருநூற்று முப்பது என்ற எண்ணை மட்டும்தான். இப்போது அதற்குப் பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடும், கோட்டுக்கு அப்பால் நானூறும் தெரிந்தன. அதற்கு முன்னால் இரண்டு குறிகள், நடுவில் ஒரு கோடு: முக்கோணமாக ஒரு மலை, இரண்டாகப் பிரியும் கிளை மாதிரி ஒரு கவட்டை. கம்பெனிக்காரன் முத்திரை போலும் என்று முதலில் நினைத்தார். இன்னும் தேய்த்தார். ஆம்பியர் இருக்கும் இடத்திலும் இரண்டு எண்கள், நடுவில் அதே கோடு.

"ஏங்க, இங்க வாங்க. பஸ் போர்டுல நடுவுல கோடு போட்டு ரெண்டு ஊர் பேர் எழுதினா என்ன அர்த்தம்?"

"இந்தப் பக்கம் இருக்கறது ஒண்ணு, அந்தப் பக்கம் இருக்கறது ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே பஸ்" என்றார் கண்டக்டர்.

"அதுக்குக் கீழ டிக்கெட் விலையும் அதே மாதிரி ரெண்டு எழுதினா?"

"முதல் ஊருக்கு முதல் விலை. ரெண்டாவது ஊருக்கு ரெண்டாவது விலை. இது கூடவா தெரியாது?"

பொறியக்காவின் விரல் தகட்டில் ஊர்ந்தது. மலைக்கு இருநூற்று முப்பது. கவட்டைக்கு நானூறு. சட்டென்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டரை அழைத்து வரக் கணவரை விரட்டினார்.

டெஸ்டர் வந்தவுடனே மூடியைத் திறக்கப் போன அக்காவின் கையைப் பிடித்தார். "சுவிட்ச் அணைச்சாலும் பொட்டிக்குள்ள கரண்டு கொஞ்ச நேரம் நிக்கும்கா. இந்த விளக்கு அணையட்டும். அப்புறமும் அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க." எல்லாரும் காத்திருந்தார்கள். அப்புறம் டெஸ்டர் தன் டெஸ்டரால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினார். மூடியின் உள்பக்கம், துரு ஏறிய இரண்டு படங்கள். மலைக்குறிக்குப் பக்கத்தில் மூன்று பட்டைகளும் மேலும் கீழுமாக நட்டமாக. கவட்டைக்குறிக்குப் பக்கத்தில் ஒரே வரிசையில் குறுக்காக.

"தம்பி, இப்ப இது கவட்டையில இருக்கு. கவட்டை கேக்கறது நானூறு. நம்ம தொட்டியில இருக்கறதே இருநூத்து முப்பதுதான். அரை வயித்தோட உழைன்னா எப்படி உழைக்கும்? மலைக்கு மாத்து."

டெஸ்டர் பதறிவிட்டார். "அய்யோ அக்கா! கவட்டைன்னா ஸ்டார், மலைன்னா டெல்டா. டெல்டா முரடு. பட்டறையில பெரிய மோட்டாரெல்லாம் ஸ்டார்ல கிளப்பி, ஓட்டம் பிடிச்சப்புறம்தான் டெல்டாவுக்கு மாத்துவோம். ஸ்டார் சாது. வீட்டுக் கரண்டுக்கு சாதுதான் சரி. இருபது வருஷமா இதைத்தான் செய்யறேன்."

"சாதுவை வெச்சுக்கிட்டு நான் என்ன தவமா பண்ணப் போறேன்?"

"மோட்டார்ல சுத்தியிருக்கற காயில் கம்பி எரிஞ்சா, இரும்புக்காரர் தர்ற முப்பதும் போயிடும்கா. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

பொறியக்கா குனிந்து தகட்டை இன்னொரு முறை பார்த்தார். பந்தயம் என்ன என்று அவருக்குத் தெரியும். அப்புறம் தகட்டை விரலால் தட்டினார். "நீ பட்டறையில டெல்டாவுக்கு மாத்தற மோட்டார்ல, மலைக்குறிக்கு நேரா என்ன நம்பர் இருக்கு?"

டெஸ்டர் பையைத் துழாவினார். போனை எடுத்துப் போன வாரம் பழுது பார்த்த மோட்டார் ஒன்றின் படத்தைத் தேடிப் பெரிதாக்கினார். அங்கேயும் மலை, கோடு, கவட்டை. ஆனால் மலைக்கு நேரே நானூறு. கவட்டைக்கு நேரே அறுநூற்றுத் தொண்ணூறு. அவர் படத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குறி ஒண்ணுதான்கா... நம்பர் வேற" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "அந்த மோட்டார் மலையில நானூறு தாங்கும். இது மலையில இருநூத்து முப்பதுதான் தாங்கும். நம்ம பொட்டி குடுக்கறதும் அதுதான். அப்ப முரடும் இல்ல, சாதுவும் இல்ல. அளவு சரி!" சொல்லி முடிப்பதற்குள் ஸ்பேனர் அவர் கையில் இருந்தது. இப்போது அவரைத் தடுத்தாலும் நிற்க மாட்டார் போலிருந்தது.

பட்டைகள் நட்டமாக மாறின. ஆம்பியரிலும் மலைப்பக்க எண்ணையே டெஸ்டர் பெட்டிக்குள் பதித்தார். "அக்கா, ஒண்ணு. திருகுல இருக்கற நம்பர் ஐம்பதுக்கு மேல ஏறாது, பூட்டு போட்டுட்டேன். கல்லுக்குன்னு ஒரு வேகம் இருக்கு. தாண்டினா வெடிச்சிடும்."

"கல்லைப் பத்தி எனக்குச் சொல்றியா?" என்றார் பொறியக்கா. ஆனால் கையைத் திருகிலிருந்து எடுத்துக்கொண்டார்.

கல் சுற்றியது. முன்பு போலத்தான் இருந்தது பார்ப்பதற்கு. பிளேடு இறங்கியது. பொறி ஒரு கொத்தாகக் கிளம்பி, நிற்காமல் கொட்டியது. தண்ணீர் சொட்டியது. கண்டக்டர் மோட்டாருக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார். "கருகல் வாசனை இல்ல" என்று அறிவித்தார். பொறியக்கா இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மோட்டார் ஒரு முறை குரலைத் தாழ்த்தி உறுமியது. வேகம் விடவில்லை.

அப்புறம்தான் விளையாட்டு ஆரம்பம். எந்த இரும்புக்கு எந்த எண்? முப்பதில் பிளேடு நீலம் பாரிக்காமல் வருகிறது. இருபதில் தையல் கத்தரி முகம் பார்க்கிற மாதிரி வருகிறது. பன்னிரண்டில் வைத்து ரொம்ப நேரம் ஓட்டினால் மோட்டார் முதுகு சுடுகிறது. ஏன்? மோட்டாரின் விசிறியும் அதே தண்டில்தானே இருக்கிறது, அதுவும் சோம்பேறியாகச் சுற்றுகிறது என்று இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தார். கண்டக்டருக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்த மேஜை விசிறி மோட்டார் பக்கம் திரும்பியது. "உழைக்கறவங்களுக்குத்தான் காத்து" என்று தீர்ப்பும் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்த இரும்புக்காரர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தன் கடையில் தகடு வெட்டுகிற மழுங்கிய பிளேடு ஒன்றைத் தீட்டிக்கொண்டுதான் போனார். கூலியில் பேரம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. முதலில் ஒரு தச்சுப் பட்டறை வந்தது. அது இன்னொன்றிடம் சொன்னது. லாரியில் வெளியூர் போய்க்கொண்டிருந்த பிளேடுகள் தோளில் தூக்கியபடி முன்னறைக்கு வந்தன. வீட்டு ஓனர் ஒருநாள் சத்தம் கேட்கிறதா என்று வந்து நின்றார். பொறியக்கா திருகை இருபதுக்கு இறக்கி, அவர் வீட்டுத் தோட்டக் கத்தரியைத் தீட்டிக் கையில் கொடுத்தார். மனிதர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனது அந்தத் தெருவில் ஒரு செய்தி.

கல்லூரி சேர்க்கைக்குப் பணம் கட்டுகிற வாரம் வந்தது. பொறியக்கா கைப்பையை இடுக்கிக்கொண்டு, படி ஏறும்போது முழங்காலைத் திட்டிக்கொண்டே, நாத்தனார் வீட்டுக்குப் போனார். நாத்தனார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணி, இவ்வளவு தூரம்? சொல்லியனுப்பினா நானே வந்திருப்பேனே."

"நீ வந்தா வாங்கிட்டுப் போன மாதிரி இருக்கும். நான் வந்தா குடுத்துட்டுப் போன மாதிரி இருக்கும். கையை நீட்டு."

"அன்னைக்கு நான் காத்தாடின்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

"ஏன் வெச்சுக்க மாட்டேன்? நல்லா சொன்ன. அந்த ஆத்திரத்துலதான் தகட்டைத் தேய்ச்சேன். கையை நீட்டும்மா."

"எண்ண வேணாம் அண்ணி. நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

"சரியா இருக்கும்னு எனக்கும் தெரியும். அதனாலதான் எண்ணறேன், நீ கேக்கணும்."

நாத்தனார் சிரித்துவிட்டு உள்ளங்கையை விரித்தார். பொறியக்கா கட்டைப் பிரித்து, ஒவ்வொரு நோட்டாக, சத்தமாக எண்ணி வைத்தார். நோட்டுகளில் சிலவற்றின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. பாதியில் பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து "அத்தை, எப்ப வந்தீங்க?" என்றாள், எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. நாத்தனார் முனகினார். பொறியக்கா விடவில்லை. உள்ளங்கை நிரம்பி, மேலே இருந்த நோட்டு சரிந்தது.

"அந்தக் கையையும் நீட்டு" என்றார் பொறியக்கா. மிச்சத்தை அதில் எண்ணி வைத்தார்.